கேரி கைகாக்ஸ்

ஏர்னெஸ்ட் கேரி கைகாக்ஸ் (ஜூலை 27, 1938 – மார்ச் 4, 2008) ஓர் அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளரும் எழுத்தாளரும் ஆவார். இவர் டேவ் ஆர்னெசனுடன் இணைந்து உருவாக்கி 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், வணிக முறையில் விற்பனைக்கு வந்த முதலாவது பாத்திரமேற்பு விளையாட்டாகக் கருதப்படுகிறது. நடுவர் ஒருவரும் ஆட்டக்காரர் பலரும் கூடி ஆடும் வகையில் அமைந்த இவ்விளையாட்டை, தனி ஒருவர் பகடைகளையும் அட்டவணைகளையும் மட்டுமே துணையாகக் கொண்டு ஆடுவதற்கான எளிய விதிகளை 1975இல் வகுத்து அளித்தவரும் இவரே. டி.எஸ்.ஆர் நிறுவனத்தையும் ஜென் கான் என்னும் ஆண்டுதோறும் நிகழும் விளையாட்டு மாநாட்டையும் தோற்றுவித்தவர்களில் முதன்மையானவர்.

பிறப்பும் இளமையும்

கைகாக்ஸ் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தார். தந்தை ஏர்னஸ்ட் கைகாக்ஸ் சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறியவர். சிக்காகோ சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். 1946இல் குடும்பம் தாய்வழி உறவினரின் ஊரான விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்தது. ஏரிக்கரையில் அமைந்த அச்சிற்றூரே கைகாக்சின் வாழ்க்கைக்கும் பணிக்கும் இறுதிவரை நிலைக்களமாக விளங்கியது.

சிறு வயதிலேயே சீட்டாட்டமும் சதுரங்கமும் பழகினார். ராபர்ட் ஈ. ஹோவர்ட், ஜாக் வான்ஸ், ஃபிரிட்ஸ் லைபர் ஆகியோரின் மிகுபுனைவுக் கதைகளை விரும்பிப் படித்தார். ஊரில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய மனநல மருத்துவமனைக் கட்டடத்துக்குள் நண்பர்களுடன் நுழைந்து அதன் இருண்ட நடைவழிகளை ஆராய்வது இவரது இளமைக்காலப் பொழுதுபோக்குகளுள் ஒன்றாகும். அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கும் என்று அறியாமல் நடக்கும் அந்த அனுபவத்தின் சாயலைப் பின்னாளில் இவர் எழுதிய விதிகளில் காணலாம்.

1956இல் தந்தை இறந்தார். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய கைகாக்ஸ் கடற்படைத் துப்பாக்கி வீரர் பிரிவில் சேர்ந்து, நிமோனியா நோயினால் விரைவிலேயே விடுவிக்கப்பட்டார். பின்னர் சிக்காகோவில் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவாறே கல்லூரி வகுப்புகளில் சேர்ந்து மானிடவியல் பயின்றார். 1958இல் மேரி ஜோ பவல் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஐந்து பிள்ளைகள் பிறந்தனர்.

போர் விளையாட்டுகள்

1958ஆம் ஆண்டில் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட கெட்டிஸ்பர்க் என்னும் பலகை விளையாட்டு கைகாக்சைப் பெரிதும் ஈர்த்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஒரு சமரை அட்டைச் சில்லுகளால் ஆடிப் பார்க்கும் விளையாட்டு அது. அன்று முதல் போர் விளையாட்டுகளே இவரது ஓய்வு நேரத்தை நிரப்பின. அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட வெற்றுத் தாள்களை வரவழைத்துத் தாமே புதிய விளையாட்டுகளை அமைக்கத் தொடங்கினார். ஒவ்வோர் ஊரிலும் இத்துறையில் ஈடுபாடு கொண்டவர்கள் ஓரிருவராகவே இருந்தமையால், கடிதங்கள் மூலமும் சிறு இதழ்கள் மூலமுமே இவர்கள் ஒருவரையொருவர் அறிந்தனர். அஞ்சல் வழி ஆட்டங்களும் அக்காலத்தில் பரவலாக இருந்தன.

1967இல் கைகாக்சின் வீட்டில் ஏறத்தாழ இருபது பேர் கூடி விளையாடினர். அடுத்த ஆண்டு, 1968 ஆகஸ்டு மாதத்தில், லேக் ஜெனீவாவின் தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்து ஒரு மாநாட்டை நடத்தினார். இதுவே முதலாவது ஜென் கான் ஆகும். 1969இல் நடந்த இரண்டாவது மாநாட்டில் மினசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னெசனைச் சந்தித்தார்.

பல முகப் பகடைகளை விளையாட்டுத் துறைக்குள் கொண்டுவந்ததிலும் கைகாக்சுக்குப் பங்கு உண்டு. பள்ளிகளுக்கான கற்பித்தல் பொருள்களின் விற்பனைப் பட்டியல் ஒன்றில் நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட திண்மங்களைக் கண்டு, அவற்றை எண்களுக்குரிய பகடைகளாகப் பயன்படுத்தினார். ஆறு முகப் பகடையால் காட்ட முடியாத நுட்பமான வாய்ப்பு அளவுகளை இருபது முகப் பகடை ஒரே உருட்டில் காட்டியது. இருபதில் ஒரு பங்கு என்பது நூற்றுக்கு ஐந்து ஆகும். பின்னர் இவர் எழுதிய அட்டவணைகளில் பலவும் இக்கணக்கின்மேல் அமைந்தவை.

செயின்மெயில்

லேக் ஜெனீவா குழுவைச் சேர்ந்த ஜெஃப் பெர்ரென் இடைக்காலப் போர்களுக்காக எழுதிய நான்கு பக்க விதிகளைக் கைகாக்ஸ் விரிவாக்கினார். இது செயின்மெயில் என்னும் பெயரில் 1971இல் கைடன் கேம்ஸ் வெளியீடாக வந்தது. நூலின் இறுதியில் மந்திரவாதிகள், டிராகன்கள், பூதங்கள் ஆகியவற்றைப் போர்க்களத்தில் இறக்குவதற்கான ஒரு பின்னிணைப்பைச் சேர்த்தார். வரலாற்றுப் போர்களை மட்டுமே ஆடிவந்த சிலர் இதனை ஏற்கவில்லை. எனினும் விற்பனைக்கு அப்பின்னிணைப்பே பெரிதும் காரணமாயிற்று.

இக்காலத்தில் கைகாக்சின் குடும்ப வருவாய் மிகக் குறைவாக இருந்தது. 1970இல் காப்பீட்டு நிறுவன வேலையை இழந்த இவர், வீட்டின் நிலவறையில் செருப்புத் தைக்கும் தொழிலை நடத்தியவாறே விளையாட்டு விதிகளை எழுதிவந்தார்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்

மினசோட்டாவில் ஆர்னெசன், செயின்மெயில் விதிகள் சிலவற்றைத் தழுவி, பிளாக்மூர் என்னும் கற்பனை நாட்டில் நிகழும் ஆட்டத்தை நடத்திவந்தார். அதில் ஆட்டக்காரர் படையை நடத்துவதில்லை. ஒருவர் ஒரே ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்து, கோட்டையின் அடியிலுள்ள நிலவறைக்குள் இறங்கித் தேடுவார். 1972இன் பிற்பகுதியில் ஆர்னெசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து இதனை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் ஆர்னெசனின் குறிப்புகளைப் பெற்று, 50 பக்க அளவில் முதல் வரைவை எழுதினார். தாம் கற்பனை செய்த கிரேஹாக் கோட்டையின் நிலவறைகளில் தம் மூத்த மகனையும் மகளையும் முதல் ஆட்டக்காரர்களாகக் கொண்டு அதைச் சோதித்தார். 1973இல் வரைவு 150 பக்கங்களாக வளர்ந்தது.

பதிப்பிக்க எவரும் முன்வராத நிலையில், இளமைக்கால நண்பரான டான் கேயுடன் சேர்ந்து 1973 அக்டோபரில் டி.எஸ்.ஆர் நிறுவனத்தைத் தொடங்கினார். இதற்கான முதல் 2,400 டாலர். தம் பங்குக்காக டான் கே ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் பெற்றார். பின்னர் பிரையன் புளூம் 2,000 டாலருடன் இணைந்தார். 1974 ஜனவரியில் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. விலை 10 டாலர். முதலில் அச்சிட்ட 1,000 படிகளும் ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன.

இவ்விளையாட்டில் நடுவர் நிலவறையின் வரைபடத்தை முன்னரே வரைந்து மறைத்து வைத்திருப்பார். ஆட்டக்காரர்கள் தாம் செய்ய விரும்புவதைச் சொல்ல, நடுவர் அவர்கள் காண்பதை விவரிப்பார். விளைவு ஐயத்துக்குரியதாக இருக்கும்போது பகடை உருட்டப்படும். நடுவரே நிலத்தையும் பகைவரையும் நீதியையும் தம்முள் கொண்டவர் எனலாம். நடுவர் ஒருவராவது வேண்டும் என்றும், ஆட்டக்காரர் நான்கு முதல் ஐம்பது பேர் வரை இருக்கலாம் என்றும் முதல் நூல் கூறியது. நூலை வாங்கியவர்களில் பலர் அத்தனை துணைவர் கிடைக்காத ஊர்களில் வாழ்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

தனியாள் ஆட்ட விதிகள்

1975 ஜனவரி இறுதியில் டான் கே தம் 36ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். நிறுவனம் பெரும் நெருக்கடிக்கு உள்ளான அதே ஆண்டின் இளவேனிற் காலத்தில் டி.எஸ்.ஆர் தன் முதல் இதழான தி ஸ்ட்ரடீஜிக் ரிவ்யூவை வெளியிட்டது. அதன் முதல் வெளியீட்டில் தனி ஒருவர் நிலவறைத் தேடலை ஆடுவதற்கான விதிகளைக் கைகாக்ஸ் எழுதினார். சில பக்கங்களே கொண்ட இக்கட்டுரை தனியாள் பாத்திரமேற்பு ஆட்டத்துக்கான மிகத் தொடக்கக் கால விதித் தொகுப்புகளுள் ஒன்றாகும்.

நடுவர் இல்லாத ஆட்டத்தில் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றே: வரைபடத்தை அறிந்தவரே அதைத் தேடுபவராகவும் இருக்க முடியாது. வரைபடத்தை முன்னரே வரையாமல் விடுவதன் மூலம் கைகாக்ஸ் இதனைத் தீர்த்தார். பரமபதம் போன்ற ஆட்டங்களில் பலகை முன்னரே உள்ளது. பகடை காயை மட்டும் நகர்த்துகிறது. கைகாக்சின் முறையில் பகடை பலகையையே வரைகிறது. ஆட்டக்காரர் கட்டமிட்ட தாளில் தொடக்க இடத்தைக் குறித்துக்கொண்டு, நடக்க நடக்கப் பகடை உருட்டி, அட்டவணை காட்டியவாறு நடைவழிகளையும் அறைகளையும் வரைந்துகொண்டே செல்ல வேண்டும்.

இம்முறை திருத்தி விரிவாக்கப்பட்டு, 1979இல் வெளியான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு நூலின் முதல் பின்னிணைப்பாக இடம்பெற்றது. நடைவழியில் செல்லும்போது இருபது முகப் பகடையை உருட்டிப் பார்க்க வேண்டிய முதன்மை அட்டவணை அந்நூலில் பின்வருமாறு அமைந்துள்ளது:

- 1–2: வழி நேராகத் தொடரும், 60 அடி சென்றபின் மீண்டும் உருட்ட வேண்டும்
- 3–5: கதவு
- 6–10: கிளை வழி
- 11–13: வழி திரும்புகிறது
- 14–16: கூடம்
- 17: படிக்கட்டு
- 18: முட்டுச் சந்து
- 19: சூழ்ச்சி அல்லது பொறி
- 20: அலைந்து திரியும் பூதம்

ஒவ்வொரு விடையும் ஆட்டக்காரரை மற்றொரு சிறிய அட்டவணைக்கு அனுப்புகிறது. எடுத்துக்காட்டாக, 8 விழுந்தால் கிளை வழி உண்டு. அது எத்திசையில் பிரிகிறது, எவ்வளவு அகலமானது என்பவற்றை அடுத்த உருட்டுகள் சொல்லும். 15 விழுந்தால் கூடம். அதன் வடிவம், பரப்பு, வெளியேறும் வழிகள், உள்ளே இருப்பவை ஆகியன முறையே தீர்மானிக்கப்படும். முட்டுச் சந்தில் அகப்பட்டவர் சுவர்களைச் சோதித்து மறைகதவு உண்டா என்று பகடை மூலம் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி, அதற்கு ஒரே ஓர் உருட்டு என்னும் இவ்வமைப்பே விதிகளை எளிமையாக வைத்திருக்கிறது.

எண்களின் பங்கீடும் கவனிக்கத்தக்கது. நடைவழியில் பொறிக்கு நூற்றுக்கு 5, பூதத்துக்கு நூற்றுக்கு 5 என்ற அளவிலேயே வாய்ப்பு தரப்பட்டுள்ளது. கிளை வழிக்கோ நூற்றுக்கு 25. எனவே ஆட்டக்காரர் அதிகமாகச் சந்திப்பது சண்டையை அன்று, எந்த வழியில் செல்வது என்னும் தெரிவையே. அறைகளின் உள்ளடக்கத்தைக் கூறும் அட்டவணையில் 1 முதல் 12 வரை விழுந்தால் அறை வெறுமையானது. அதாவது, ஐந்து அறைகளில் ஏறத்தாழ மூன்று வெற்றறைகள். 13–14 பூதம் மட்டும், 15–17 பூதமும் புதையலும், 18 சிறப்பு நிகழ்வு அல்லது மேலோ கீழோ செல்லும் படிக்கட்டு, 19 பொறி, 20 காவலற்ற புதையல். வெற்றறைகள் மிகுந்திருப்பதாலேயே கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எதிர்பார்ப்பு குன்றாமல் இருக்கிறது எனலாம்.

புதையலின் அளவு தளத்தைப் பொறுத்துப் பெருகும். முதல் தளத்தில் 1,000 செப்புக் காசுகள் கிடைக்கும் இடத்தில் மூன்றாம் தளத்தில் 3,000 கிடைக்கும். கீழ்த் தளங்களில் பூதங்களின் வலிமையும் கூடும். எவ்வளவு ஆழம் இறங்குவது, எப்போது திரும்புவது என்னும் முடிவு ஆட்டக்காரரிடமே விடப்பட்டுள்ளது. தனியாக ஆடுபவரின் திறமை வெளிப்படும் இடம் இதுவே. இம்முடிவை ஒருவர் எடுக்கும்வரைதான் அது விளையாட்டு. பகடையே அதையும் எடுத்தால் வெறும் கணக்காகிவிடும்.

இம்முறையின் குறைபாட்டையும் கைகாக்ஸ் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். அட்டவணைகளை மட்டும் நம்பி ஆடினால் நாளடைவில் எல்லாம் ஒரே மாதிரியாகத் தோன்றும் என்று 1975ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே எச்சரித்தார். அதற்கு அவர் கூறிய தீர்வு முத்திரையிட்ட உறைகள் ஆகும். ஆட்டக்காரர் ஒருவர் ஓர் அறையையோ பொறியையோ அரிய பொருளையோ பற்றி எழுதி, உறையிலிட்டு ஒட்டி, எந்தத் தளத்துக்கும் எந்த வகை இடத்துக்கும் உரியது என்பதை மட்டும் மேலே குறித்து மற்றொருவருக்கு அனுப்பலாம். பெற்றவர் தம் நிலவறையில் அத்தகைய இடத்தை அடையும்போது உறையைப் பிரிப்பார். பகடையால் தர முடியாத வியப்பை மற்றொரு மனிதரின் கற்பனையே தர முடியும் என்பது இதன் அடிப்படை. அஞ்சல் வழி ஆட்டங்களில் பழகியவர்களுக்கு இது புதிய பழக்கமன்று. தனியாள் ஆட்டத்தின் விதிகளுக்குள்ளும் பிறர் ஒருவருக்கு இவ்வாறு இடம் வைத்தமை இக்கட்டுரையின் தனிச்சிறப்பாகும்.

மற்றொரு வழி

இதே காலத்தில் தனியாள் ஆட்டத்துக்கு வேறொரு வழியும் தோன்றியது. கென் செயின்ட் ஆண்ட்ரே 1975இல் உருவாக்கிய டனல்ஸ் அண்ட் டிரால்ஸ் விளையாட்டுக்காக, ரிக் லூமிஸ் எழுதிய பஃபலோ காசில் 1976இல் வெளிவந்தது. இதில் பத்திகள் எண்ணிடப்பட்டிருந்தன. ஆட்டக்காரரின் தெரிவுக்கேற்ப அடுத்துப் படிக்க வேண்டிய பத்தி மாறும். ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் ஆகியோர் பிரித்தானியாவில் 1982இல் வெளியிட்ட தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுன்டன் நூல் இம்முறையை உலகெங்கும் பரப்பியது.

இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. எண்ணிட்ட பத்தி முறையில் எழுத்தாளர் ஒருவரின் கதை உண்டு. ஆனால் ஓரிரு முறை ஆடியதும் அதன் மறைபொருள்கள் தீர்ந்துவிடும். அட்டவணை முறையில் நிலவறை தீர்வதே இல்லை. ஆனால் அறைகளை இணைக்கும் கதையை ஆட்டக்காரரே நெய்துகொள்ள வேண்டும். கைகாக்ஸ் பின்னாளில் முதலாவது முறையிலும் எழுதினார். ஃபிளின்ட் டில் என்பவருடன் சேர்ந்து சகார்ட் என்னும் வீரனைத் தலைவனாகக் கொண்ட நான்கு விளையாட்டு நூல்களை 1985, 1986 ஆண்டுகளில் வெளியிட்டார்.

விதிகளின் பெருக்கம்

1977 முதல் 1979 வரை கைகாக்ஸ் அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விரிவான வடிவத்தை மூன்று பெரிய நூல்களாக எழுதினார். முதல் வடிவம் நடுவரின் விருப்பத்துக்குப் பலவற்றை விட்டிருந்ததால், ஊருக்கு ஊர் ஆட்டம் வேறுபட்டது. போட்டிகள் நடத்துவதற்கு ஒரே சீரான விதிகள் தேவைப்பட்டன. இந்நோக்கில் எழுந்த புதிய வடிவம் ஆயுத வகைகள், மந்திரங்கள், தண்டனைகள் எனப் பலவற்றையும் நுணுக்கமாக வரையறுத்தது. அதே வேளையில் புதியவர்களுக்கென ஜே. எரிக் ஹோம்ஸ் தொகுத்த எளிய தொடக்கப் பெட்டியும் 1977இல் வெளிவந்தது.

இது குறித்து கைகாக்ஸ் மீது திறனாய்வுகள் உண்டு. ஆட்டக்காரரின் கற்பனைக்கே முதலிடம் என்று தொடக்கத்தில் கூறியவர், பின்னர் நூலில் உள்ளவாறே ஆட வேண்டும் என வற்புறுத்தியது முரண் எனச் சுட்டிக்காட்டப்பட்டது. எனினும் அந்தப் பெரிய நூலின் பின்னிணைப்புகளுள் தனியாள் நிலவறை அட்டவணைகள் தம் எளிமை குன்றாமல் இடம்பெற்றன. நடுவர்கள் பலர் தம் வரைபடங்களை விரைவில் உருவாக்கவும் அவற்றைப் பயன்படுத்தினர்.

பிணக்குகளும் வெளியேற்றமும்

அட்வான்ஸ்டு வடிவத்துக்கான உரிமத்தொகை தொடர்பாக ஆர்னெசன் 1979இல் வழக்குத் தொடுத்தார். 1981இல் இணக்கம் ஏற்பட்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இருவரின் கூட்டுப் படைப்பு என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. தனி ஒருவரின் பாத்திரத்தை நடிக்கும் ஆட்ட முறை ஆர்னெசனிடமிருந்தும், அதைப் பிறர் படித்து ஆடத்தக்க விதிகளாக எழுதியமை கைகாக்சிடமிருந்தும் வந்தன என்பர்.

1980களின் தொடக்கத்தில் இவ்விளையாட்டு இளைஞரை மாந்திரீகத்துக்கும் தற்கொலைக்கும் தூண்டுகிறது என்ற குற்றச்சாட்டு அமெரிக்காவில் எழுந்தது. கைகாக்ஸ் 1985இல் 60 மினிட்ஸ் என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி இதனை மறுத்தார்.

டான் கேயின் மறைவுக்குப் பின் புளூம் குடும்பத்தினர் பெரும்பங்குதாரர் ஆனதால், தாம் தொடங்கிய நிறுவனத்திலேயே கைகாக்ஸ் சிறுபான்மைப் பங்குதாரராக இருந்தார். 1983 அளவில் திரைப்பட, தொலைக்காட்சி முயற்சிகளுக்காக ஹாலிவுட்டில் தங்கினார். விளையாட்டை அடிப்படையாகக் கொண்ட அசைபடத் தொடர் 1983 முதல் 1985 வரை ஒளிபரப்பானது. அவ்வாண்டிலேயே முதல் திருமணம் முறிந்தது. நிறுவனம் சுமார் 15 லட்சம் டாலர் கடனில் இருப்பதை அறிந்து லேக் ஜெனீவாவுக்குத் திரும்பிய கைகாக்ஸ், சிறிது காலம் தலைமைப் பொறுப்பை மீண்டும் ஏற்றார். நிருவாகத்துக்காக அமர்த்தப்பட்ட லொரேன் வில்லியம்ஸ், புளூம் குடும்பத்தினரின் பங்குகளை வாங்கினார். 1985 அக்டோபரில் கைகாக்ஸ் தலைமைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் வெற்றி கிட்டவில்லை. 1986இல் நிறுவனத்துடனான தொடர்பை முழுவதும் துண்டித்துக்கொண்டார். தம் குழந்தைகளுடன் ஆடித் தொடங்கிய கிரேஹாக் உலகின் உரிமையும் நிறுவனத்திடமே நின்றது.

பிற்காலம்

1987இல் கெயில் கார்ப்பென்டர் என்பவரை மணந்தார். நியூ இன்ஃபினிட்டீஸ் என்னும் நிறுவனத்தின் மூலம் அதே ஆண்டு வெளியிட்ட சைபோர்க் கமாண்டோ வரவேற்புப் பெறவில்லை. 1992இல் வெளிவந்த டேஞ்சரஸ் ஜர்னீஸ் விளையாட்டின் மீது டி.எஸ்.ஆர் வழக்குத் தொடுத்தது. 1994இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி அதன் உரிமையை டி.எஸ்.ஆரே வாங்கிக்கொண்டு வெளியீட்டை நிறுத்தியது.

1997இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் டி.எஸ்.ஆரை வாங்கியது. அதன்பின் கைகாக்சுக்கும் தம் பழைய விளையாட்டுக்கும் இடையிலான பகைமை தணிந்தது. டிராகன் இதழில் மீண்டும் எழுதினார். 1999இல் வெளியிட்ட லெஜன்டரி அட்வென்ச்சர் விளையாட்டில் விரிவான விதிகளைக் கைவிட்டு, பாத்திரத்தின் சில ஆற்றல்களை மட்டும் அடிப்படையாகக் கொண்ட எளிய அமைப்புக்குத் திரும்பினார். பெரிய விதிநூல்களால் பெயர் பெற்றவர் முதுமையில் எளிமையை நாடியமை குறிப்பிடத்தக்கது. 2005இல் காசில் சகிக் என்னும் தொடரின் முதல் நூல் வெளிவந்தது. கிரேஹாக் என்ற பெயரைப் பயன்படுத்த இயலாத நிலையில், தம் பழைய கோட்டையை வேறு பெயரில் மீண்டும் எழுதும் முயற்சி இது; முடிவுறவில்லை.

மறைவு

2004இல் கைகாக்ஸ் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். பின்னர் வயிற்றுப் பெருந்தமனி வீக்கமும் கண்டறியப்பட்டது. 2008 மார்ச் 4 அன்று லேக் ஜெனீவாவில் தம் இல்லத்தில் 69ஆம் வயதில் காலமானார். இவர் நினைவாக 2009 முதல் அவ்வூரை மையமாகக் கொண்டு கேரி கான் என்னும் ஆண்டு மாநாடு நடைபெற்றுவருகிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கணினி விளையாட்டின் 2008ஆம் ஆண்டுப் புதுப்பிப்பு ஒன்று இவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. நீலப்பச்சைப் பாசி இனம் ஒன்றுக்கும் இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

தாக்கம்

கணினி விளையாட்டுகளில் வீரரின் நிலை, உயிர்ப்புள்ளி, அனுபவப்புள்ளி ஆகிய கருத்துகள் பரவலானமைக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் முதன்மைக் காரணமாகும். 1980 அளவில் பல்கலைக்கழகக் கணினிகளில் பரவிய ரோக் என்னும் விளையாட்டில், ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாக அமைந்தது. கைகாக்சின் அட்டவணைகள் தாளில் செய்ததை அங்குக் கணினி செய்தது எனலாம்.

தாளும் பகடையும் கொண்டு தனியே ஆடும் வழக்கம் பிற்காலத்தில் மீண்டும் வலுப்பெற்றது. 2003இல் வெளியான மித்திக் விளையாட்டு, நடுவரிடம் கேட்கும் கேள்விகளைப் பகடையிடம் கேட்டு ஆம், இல்லை என விடை பெறும் முறையை அளித்தது. ஆண்ட்ரியா ஸ்ஃபிலிகோய் 2016இல் வெளியிட்ட ஃபோர் அகெய்ன்ஸ்ட் டார்க்னஸ், கட்டமிட்ட தாளில் பகடையால் நிலவறை வரையும் முறையையே அடிப்படையாகக் கொண்டது. 2014இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் நடுவர் நூலிலும் முதல் பின்னிணைப்பு பகடையால் நிலவறை அமைக்கும் முறையாகவே உள்ளது.

தெரிவு செய்த ஆக்கங்கள்

- செயின்மெயில் (1971, ஜெஃப் பெர்ரெனுடன்)
- டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (1974, டேவ் ஆர்னெசனுடன்)
- மான்ஸ்டர் மானுவல் (1977)
- பிளேயர்ஸ் ஹேண்ட்புக் (1978)
- டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு (1979)
- சாகா ஆஃப் ஓல்டு சிட்டி (புதினம், 1985)
- சகார்ட் விளையாட்டு நூல்கள் (1985–1986, ஃபிளின்ட் டில்லுடன்)
- டேஞ்சரஸ் ஜர்னீஸ் (1992)
- லெஜன்டரி அட்வென்ச்சர் (1999)